பள்ளி வாசலில் கத்திச் சோதனை: பிள்ளைகளோடு லண்டன் வந்திருப்பவர்களுக்கு

செகண்டரி பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வரலாம். வாசலில் மெட்டல் டிடெக்டர் வைத்து மாணவர்களைச் சோதிப்போம், போலீசும் உடன் இருக்கும் என்று எழுதியிருக்கும். உடனே ஏரியா மாற வீடு தேடாதீர்கள். கத்தி பிடிபட்டால்தான் சோதனை என்றில்லை, முன்னெச்சரிக்கையாகவும் செய்வார்கள்.

இதன் பின்னால் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. அது ஸ்காட்லாந்தில் தொடங்கியது. கத்திக்குத்துக்குப் பேர்போன கிளாஸ்கோவில் 2005இல் காவல்துறையே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. காரின் மெக்லஸ்கி, ஜான் கார்னகன் என்ற இருவர் முன்நின்றார்கள். கைதுசெய்து மட்டும் இதை நிறுத்த முடியாது, தொற்றுநோயைப் போலப் பரவும் இடத்தில் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கும்பல் பையன்களை நீதிமன்றத்துக்கு அழைத்து, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரைப் பேச வைத்தார்கள். கும்பலை விட்டு வெளியே வந்தால் படிப்புக்கும் வேலைக்கும் வழி காட்டினார்கள். ஸ்காட்லாந்தில் கொலைகள் அன்றைக்கு இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன. எல்லாப் புகழும் அந்தப் பிரிவுக்கே என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் லண்டன் மேயர் 2018இல் அதையே பின்பற்றித் தனிப் பிரிவு அறிவித்தார். 2023 ஜனவரி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுன்சில் (உள்ளூர் நிர்வாகம்), போலீஸ், தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை, தண்டனை பெற்றவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தைத் துறை எல்லாம் சேர்ந்து வன்முறையைத் தடுக்கத் திட்டம் போடுவது சட்டப்படி கட்டாயம்.

சரி, இதில் நமக்கு என்ன? நிறைய இருக்கிறது. லண்டனின் நான்கு பெரிய விபத்துச் சிகிச்சை மருத்துவமனைகளில் இளைஞர் பணியாளர்கள் இருக்கிறார்கள். காயத்தோடு வரும் பையனிடம் படுக்கையருகிலேயே பேசுவார்கள். அவர்கள் போலீஸ் இல்லை. கவுன்சிலில் 'ஏர்லி ஹெல்ப்' என்று, சிக்கல் முற்றும் முன்பே குடும்பங்களுக்கு உதவும் ஒரு பிரிவு உண்டு. பிள்ளை ராத்திரி வீடு திரும்புவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறான், கையில் நாம் வாங்கித் தராத போன், பையில் எங்கோ ஒரு சின்ன ஊருக்கு ரயில் டிக்கெட் என்றால் அங்கே பேசலாம். கடைசி இரண்டும் 'கவுண்டி லைன்ஸ்' அறிகுறிகளாக இருக்கலாம். அதாவது போதைப்பொருள் கடத்தப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது. அப்படிச் சிக்கிய பிள்ளையைக் குற்றவாளியாக மட்டும் பார்க்காமல், சுரண்டப்பட்டவனாகப் பதிவுசெய்யவும் இங்கே முறை இருக்கிறது. முதலில் பள்ளியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் போங்கள். அதுதான் சுலபம்.

'சோசியல் சர்வீஸ் காதில் விழுந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்' என்று பயந்து நம் ஆட்கள் வாய் திறப்பதில்லை. சோசியல் சர்வீஸ் என்பது கவுன்சிலின் பிள்ளைகள் நலப் பிரிவு. உதவி கேட்டு வந்த பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது அவர்களுடைய முதல் வேலையே இல்லை. அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். பிள்ளை கைதாகி, விஷயம் முற்றிய பிறகு அவர்களாக வருவதைவிட, நாமாகப் போவது எவ்வளவோ மேல். 'நம்ம பிள்ளைகள் அப்படியில்லை' என்பதையும் விட்டுவிடுங்கள். 2000களில் லண்டனில் தமிழ்க் கும்பல்கள் வாளோடும் கத்தியோடும் மோதிக்கொண்டது இங்குள்ள பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். கோயிலில் அதைப் பற்றிப் பேசத்தான் மாட்டார்கள்.

இன்னொரு யோசனையும் வரும்: ஊருக்கு அனுப்பிவிடலாம். கும்பலுக்குப் பயந்து மகனைச் சொல்லாமல் கொள்ளாமல் கானாவில் கொண்டுபோய் விட்ட லண்டன் பெற்றோர் மீது அந்தப் பையனே வழக்குப் போட்டான். உயர் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுவிசாரணைக்கு அனுப்பியது. அவ்வளவு எளிதில் முடிகிற காரியம் இல்லை.

அப்புறம் சட்டம். இதில் பெரியவர்களும் மாட்டலாம். தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் நான்கு ஆண்டு வரை சிறை. மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு. 'தற்காப்புக்கு வைத்திருந்தேன்' என்பது காரணமே ஆகாது. பிள்ளைக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கோயில் அன்னதானத்துக்குக் காய் வெட்ட அரிவாள்மனை கொண்டு போகிறீர்களா, சுற்றிக் கட்டி டிக்கியில் வையுங்கள், வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். மறந்துபோய் ஒரு வாரம் காரிலேயே கிடந்தால் காரணம் சொல்வது கஷ்டம். 2024 செப்டம்பரில் ஸோம்பி கத்திகளும் (மிரட்டும் தோற்றமுள்ள நீண்ட கத்திகள்) 2025 ஆகஸ்டில் நிஞ்சா வாள்களும் (நேரான அலகுள்ள வாள்கள்) தடைசெய்யப்பட்டன. அலங்காரத்துக்கு என்று வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

இங்கிலாந்தில் பத்து வயதிலிருந்தே கைதுசெய்யலாம். பிள்ளை போலீஸ் நிலையத்தில் என்று போன் வந்தால், பதினெட்டுக்குக் கீழ் என்றால் விசாரணையில் பெரியவர் ஒருவர் கூட இருந்தாக வேண்டும். வக்கீல் இலவசம். 'ஒளிக்க ஒன்றுமில்லை, வக்கீல் எதற்கு' என்று பெருந்தன்மை காட்டாதீர்கள், கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள், அதற்கும் காசில்லை. தெரிந்த அண்ணன் ஒருவரைக் கூட்டிப்போய்ச் சமாளிக்க வேண்டாம்.

பெயர் சொல்லாமல் தகவல் தர கிரைம்ஸ்டாப்பர்ஸ் 0800 555 111. பிள்ளை தானே பேச சைல்ட்லைன் 0800 1111. அவசரம் என்றால் 999, மற்றதுக்கு 101.