கீழ்வெண்மணியைப் பற்றி மாணவிகள் யாரிடம், எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: வரலாற்று ஆசிரியை, திருவாரூர்

அனைவருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு கற்பிக்கிறேன். தங்கள் வட்டாரத்தில் நடந்த ஒரு நிகழ்வை முதியவர்களிடம் கேட்டு எழுதி வருமாறு ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுப்பது வழக்கம். இந்த ஆண்டு நான்கு மாணவிகள் நாகப்பட்டினத்தை அடுத்த கீழ்வெண்மணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, இராமையாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த, விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், உயிரோடு எரிக்கப்பட்டார்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது.

எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. அந்த இரவைக் கண்டவர்களில் இன்று இருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களை மறுபடியும் அந்த நெருப்பின் முன் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டாவது, என் வகுப்பில் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளும் நிலவுடைமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆறிய புண்ணை எதற்குக் கிளறுகிறீர்கள் என்று உடன் பணிபுரியும் ஒருவர் கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இந்த வட்டாரத்தை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கடைமடை

வணக்கம் அம்மா. என் தந்தை பண்ணையாளாக இருந்து, பிறகு விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தவர். எங்கள் ஊர் வெண்மணிக்கு அருகில்தான். டிசம்பர் 25 அன்று நினைவிடத்தில் கொடியேற்றும்போது வெளியூரிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். அவர்களில் கேமராவோடு வருபவர்கள், தீ எப்படிப் பிடித்தது, உள்ளிருந்தவர்கள் என்ன சொல்லிக் கதறினார்கள் என்றே கேட்பதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். எத்தனை மரக்கால் (நெல் அளக்கும் பழைய முகத்தலளவை) நெல் அறுத்தால் எவ்வளவு கூலி கிடைத்தது என்று கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. உங்கள் மாணவிகள் அதைக் கேட்கட்டும்.

அந்த இரவு ஒரே நாளில் வந்ததல்ல. பழைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான கீழத்தஞ்சையில் பண்ணையாள் என்பவர் குடும்பத்தோடு ஒரு மிராசுதாருக்கு, அதாவது நிலவுடைமையாளருக்குக் கட்டுப்பட்டவர். வேலைக்குத் தாமதமாக வந்தால் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் தண்டனையும் இருந்தன. சாணிப்பால் என்று என் தந்தை சொல்லும்போது முதலில் எனக்குப் பொருள் விளங்கவில்லை. 1943 முதல் இங்கே சங்கம் கட்டிய பி. சீனிவாசராவ் கன்னட மொழிக்காரர். அடித்தால் திருப்பி அடி என்று அவர் சொல்லிக் கொடுத்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் நேற்று நடந்ததைப்போலச் சொல்வார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின் சண்டை அறுவடைக் கூலிக்கு நகர்ந்தது. கூலியில் அரைப்படி நெல் கூட வேண்டும் என்று கேட்டதுதான் அறுபதுகளின் இறுதியில் இவ்வளவு பெரிய குற்றமாகக் கருதப்பட்டது. நிலவுடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஓர் அமைப்பை வைத்துக்கொண்டு, வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்க முற்பட்டார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்துக்கு வாருங்கள் என்பதே அவர்களுடைய நிபந்தனை. எங்கள் மக்கள் இறக்கவில்லை.

அதனால், இறந்தவர்களைப் பற்றிக் கேட்பதானால் அவர்கள் எரிந்ததை மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் எதைக் கேட்டார்கள், எந்த வயலில் நட்டார்கள், யாருடைய மகள், யாருடைய பேரன் என்று கேளுங்கள். நினைவிடத்தில் 44 பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மாணவிகள் அவற்றை முதலில் வாய்விட்டுப் படித்துவிட்டு, பிறகு பேச்சைத் தொடங்கினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி: வழக்குரைஞர், நாகப்பட்டினம்

ஆறிய புண் என்று உங்கள் நண்பர் சொன்னதற்கு ஒரு வழக்குரைஞனாக நான் மறுப்புத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் இரிஞ்சியூர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெரும் நிலங்களுக்கு உரிமையாளர்களான செல்வந்தர்கள், அவர்களில் கார் வைத்திருப்பவரும் உண்டு, வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்து வந்து குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. அதே மாலையில் நிலவுடைமையாளர் தரப்பைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் விவசாயத் தொழிலாளர்களுக்குத் தண்டனை கிடைத்தது. ஒரே நாளில் நடந்த இரண்டு நிகழ்வுகளில், ஓர் உயிருக்குத் தண்டனை உண்டு, 44 உயிர்களுக்கு இல்லை என்ற முடிவோடுதான் அந்த ஊர் வாழ்ந்து வருகிறது. கோபாலகிருஷ்ண நாயுடு 1980இல் வெட்டிக் கொல்லப்பட்டார். சட்டம் கைவிட்ட இடத்தில் பழி நுழைந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் பெருமையாக எதுவும் சொல்ல மாட்டேன்.

இதற்கு எதிர்ப்புறமாக வாச்சாத்தியை வைத்துப் பாருங்கள். 1992 ஜூனில் தருமபுரி மாவட்டத்து மலையடிவாரக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்து, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து, வீடுகளைச் சூறையாடினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோக, எஞ்சிய 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் 2011இல் குற்றவாளிகள் என்று அறிவித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி நேரில் அந்த ஊருக்கே சென்று மக்களைக் கேட்டு, 2023இல் தண்டனையை உறுதி செய்தார். முப்பத்தொரு ஆண்டுகள் ஆயின. ஆயினும் நாங்கள் சொன்னது பொய்யல்ல என்று ஓர் அரசு ஆவணம் கையில் இருப்பதும், அது இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. உங்கள் மாணவிகளுக்கு வெண்மணியின் இரண்டு தீர்ப்புகளையும் எளிய தமிழில் சுருக்கி எழுதித் தருகிறேன். நேரில் செல்வதற்கு முன் படித்துவிட்டால், மீண்டும் அந்த இரவை விவரிக்குமாறு யாரையும் கேட்க வேண்டிய தேவையே இராது.

மறுமொழி: ஒரு மிராசுதார் வீட்டுப் பேத்தி

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். என் தாத்தா அந்த வட்டாரத்தில் நிலம் வைத்திருந்தவர். வெண்மணியில் அவருக்கு நேரடியான பங்கு எதுவும் இல்லை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டார்கள். நான் கல்லூரியில் படிக்கும்போது தாத்தாவிடம் ஒருமுறை கேட்டேன். ஆட்களுக்குள் ஏதோ தகராறு என்று முடித்துக்கொண்டார். அந்தக் காலப் பத்திரிகைகளிலும் விவசாயிகளுக்கிடையே மோதல் என்ற பாணியில்தான் முதலில் செய்தி வந்தது என்பதைப் பின்னால் அறிந்தபோது, தாத்தா சொன்ன சொல் அவருடையதே அல்ல என்று புரிந்தது. எங்கள் வீடுகளில் இருப்பது மறதி இல்லை. பேசாமல் இருப்பதற்கு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த பழக்கம்.

எப்போதும் பாதிக்கப்பட்ட தெருவுக்கே போய்க் கேட்கிறோம். எங்கள் தெருவுக்கு யாரும் வந்து கேட்பதில்லை. உங்கள் வகுப்பில் இருக்கும் நிலவுடைமைக் குடும்பத்துப் பிள்ளைகளை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த ஆண்டு நம் வீட்டில் ஆட்களுக்கு என்ன கூலி கொடுத்தோம், வெளியூர் ஆட்களை அழைத்தோமா, நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்கு யார் போனார்கள் என்று தம் தாத்தா பாட்டியிடம் அவர்கள் கேட்கட்டும். பதில் வராமலும் போகலாம். அப்படியானால் பதில் வரவில்லை என்பதையே எழுதி வரட்டும்.

காந்தியவாதித் தம்பதியரான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்த ஊருக்கு வந்து, பிறகு 1981இல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளர்களிடம் விலை பேசி வாங்கிய நிலங்களைக் கூலிப் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்த வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்திரங்களில் விற்றவர்களின் பெயரும் வாங்கியவர்களின் பெயரும் ஒரே தாளில் இருக்கும். என் பார்வையில், இரண்டு தெருக்களும் சேர்ந்து எழுதிய ஆவணம் அதுதான்.

மறுமொழி: கடைமடை

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்ததையும் சேர்க்க வேண்டும். அரசு அமைத்த கணபதியா பிள்ளை ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி வந்த சட்டம் அது. கேட்ட கூலிக்குச் சட்டமே பின்னர் வழி செய்தது. அதைக் கேட்டவர்கள்தான் இல்லை.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மாணவிகளோடு பேசி முடிவெடுத்திருக்கிறோம். முதலில் வகுப்பில் உள்ள அனைவரும், எந்தத் தெருவாக இருந்தாலும், தத்தம் வீட்டில் 1968இன் கூலியைப் பற்றிக் கேட்டு எழுதி வருவார்கள். அதன்பின் அந்த நால்வரும் நினைவிடத்துக்குச் சென்று பெயர்களைப் படிப்பார்கள். உயிர் தப்பியவர்களிடம் இரவைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் குறிப்பெடுக்காமல் கேட்டுக்கொள்வது என்று முடிவு. வழக்குரைஞர் ஐயா தீர்ப்புச் சுருக்கத்தை அடுத்த வாரத்துக்குள் அனுப்ப இயலுமா? கடைமடை ஐயா, மரக்காலுக்கு எத்தனை படி என்ற கணக்கை மாணவிகளில் ஒருத்தி கேட்கிறாள். வீட்டில் பழைய மரக்கால் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.