இன்டராக்ட் சங்கத்தில் சேரலாமா? அப்பா வேண்டாம் என்கிறார்

பொருநைக்கரை:
பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளியில் இன்டராக்ட் சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள். ரோட்டரி சங்கத்தின் ஆதரவில் பள்ளி மாணவர்கள் நடத்தும் சேவைச் சங்கம் அது. சந்தா 300 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும். அதில் பெற்றோர் கையெழுத்து வேண்டும், அங்கேதான் சிக்கல். "அடுத்த வருடம் பத்தாவது. இப்போது போய் மரம் நடப் போகிறாயா?" என்கிறார் அப்பா. கல்லூரியில் இடம் கிடைக்க இது உதவும் என்று தோழி சொல்கிறாள். உண்மையா? இன்னொன்றும் கேட்க வேண்டும். மைக்கைக் கண்டாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவளுக்கு அங்கே என்ன வேலை இருக்கும்?

ஈரோட்டு அப்பா:
உன் அப்பாவின் கட்சிதான் நானும். என் மகன் இரண்டு வருடம் இருந்தான். வீட்டுக்கு வந்தவை ஐந்து சான்றிதழ்களும் ஒரு தொப்பியும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன் ரயில் டிக்கெட் எடுக்கக்கூட என்னைத்தான் இழுப்பான். இப்போது வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தனியாகப் போய் வருமானச் சான்றிதழ் வாங்கி வருகிறான். அதற்கு 300 ரூபாய் அதிகமில்லை.

பனைமட்டை:
தங்கைக்கு, நான் தூத்துக்குடி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் இரண்டு வருடம் இன்டராக்ட் பொருளாளராக இருந்தேன். உன் நாக்கும் என் நாக்கும் ஒரே சாதி. அதனால்தான் எனக்குக் கணக்கு நோட்டைக் கொடுத்தார்கள்.

முதலில் கல்லூரி விஷயம். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு என்றால் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குத் தரவரிசை போடுவார்கள். அதில் இன்டராக்ட் சான்றிதழுக்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் சில இடங்களில் இதையும் கேட்பார்கள். அதற்காக மட்டும் சேர்வதாக இருந்தால் வேண்டாம்.

1962-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மெல்போர்ன் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் 23 பேரோடு தொடங்கியது இன்டராக்ட். ஊர் ரோட்டரி சங்கம் ஆதரவு தரும். 12 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் மாணவர்கள்தான், என்ன செய்வது என்று முடிவெடுப்பதும் அவர்கள்தான். விதி அப்படி. எங்கள் பள்ளியில் முதல் வருடம் பொறுப்பாசிரியர் பட்டியல் எழுதித் தந்தார், நாங்கள் வரிசையில் நின்றோம். ஜூலையில் பதவியேற்பு, கழுத்தில் பட்டை, மேடையில் பொன்னாடை. அப்புறம் ஐம்பது மரக்கன்றுகள். பேனருக்கு 850 ரூபாய், கன்றுகளுக்கு 500 ரூபாய். நோட்டில் எழுதியது நான் என்பதால் இன்னும் மறக்கவில்லை. பொங்கலுக்கு மிஞ்சியவை மூன்று. மற்றதெல்லாம் ஆட்டு வயிற்றுக்குள்.

அடுத்த வருடம் எங்கள் செயலாளர் ஒருத்தி, பனையேறி வீட்டுப் பெண், "பனை விதை போடுவோம், ஆடு தொடாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம்" என்றாள். ஆவணியில் விழுந்து கிடந்த பழங்களைச் சாக்கில் பொறுக்கினோம். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். நாரைப் பிய்ப்பதற்குள் கையெல்லாம் மஞ்சள். வெள்ளைச் சட்டையில் பட்ட கறை கடைசிவரை போகவில்லை, அம்மா அந்தச் சட்டையைத் தரை துடைக்கத்தான் வைத்துக்கொண்டார். மழைக்கு முன்னால் குளத்தங்கரையில் பத்தடிக்கு ஒன்றாக, கடப்பாரையால் ஓரடிக் குழி தோண்டிப் போட்டோம்.

ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று, கரையில் ஒன்றும் முளைக்கவில்லை. ஆசிரியர் சிரித்தார். நான் ஒரு குழியைக் கிளறிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக ஒரு முளை கீழ்நோக்கி இறங்கியிருந்தது. அந்தப் பெண் ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டாள். "கிழங்கு இறங்கிய பிறகுதான் ஓலை மேலே வரும். நீ என்ன, பொங்கலுக்குக் கிழங்கு அவிக்கவா பிடுங்குகிறாய்?" என்று திட்டினாள். கோடையில் பச்சைக் கத்திபோல ஒற்றை ஓலைகள் எழும்பின. எண்ணிப் பார்க்க மாதம் ஒரு சனிக்கிழமை போனோம், மைக்கே இல்லாமல்.

ஆகவே சேரும் முன் ஒன்று செய். போன வருடத்துக் கூட்டக் குறிப்பேட்டைச் செயலாளரிடம் கேட்டு வாங்கிப் பார். ஒரே இடத்தின் பெயர் இரண்டு மூன்று முறை வந்திருக்கிறதா? வந்திருந்தால் சேர். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புது இடம், ஒரு புதுச் சிறப்பு விருந்தினர் என்றால் 300 ரூபாய்க்கு நல்ல பேனா வாங்கிக்கொள்.

கணக்கு டீச்சர்:
பனைமட்டை சொன்னதோடு ஒரு சொல். இப்போது அப்பா சம்மதிக்காவிட்டாலும் கதவு மூடிவிடாது. பதினொன்றாம் வகுப்பில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கும் பள்ளிகள் நிறைய. காந்தி நூற்றாண்டான 1969-இல் கல்லூரிகளில் தொடங்கியது அது, பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஏழு நாள் முகாம் உண்டு, கிராமத்தில் தங்கிச் செய்வது.

நேரம் போகும் என்பதுதான் அப்பாவின் கவலை என்றால், அரையாண்டுத் தேர்வு முதல் முழு ஆண்டுத் தேர்வு வரை வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடு. நல்ல சங்கம் ஒப்புக்கொள்ளும். இரத்ததான முகாமுக்குக் கூப்பிட்டால் அப்பா பயப்படத் தேவையில்லை. 18 வயது நிறையாமல் யாரும் ஊசி போட மாட்டார்கள். உனக்குப் பெயர் எழுதுகிற வேலையோ, பழச்சாறு கொடுக்கிற வேலையோதான் கிடைக்கும்.

பொருநைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. பனைமட்டை அண்ணா, குறிப்பேட்டைக் கேட்டேன். செயலாளர் அக்கா ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். முக்கால்வாசி புது இடங்கள்தான். ஆனால் ஒரு முதியோர் இல்லத்தின் பெயர் மட்டும் நான்கு முறை இருந்தது. நான்காவது தேதிக்கு எதிரே "தாத்தாவுக்குக் கண்ணாடி வந்துவிட்டது" என்று பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள். அப்பாவிடம் அதைச் சொன்னேன். பதில் சொல்லவில்லை. இரவு படிவத்தில் கையெழுத்துப் போட்டு, 300 ரூபாயை அதற்குள் மடித்து வைத்திருந்தார். ரசீது வாங்காமல் வரக்கூடாதாம்.