இரண்டாவது கார் வாங்குவதா, சைக்கிளிலேயே வேலைக்குப் போவதா?

நீலச்சட்டை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரே கார். மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்த்ததால் இதுவரை அதை வைத்தே சமாளித்துவிட்டோம். அடுத்த மாதத்திலிருந்து அவரும் தினமும் அலுவலகம் போக வேண்டும். அவருக்கு ஒரு திசை, எனக்கு நேர் எதிர்த் திசை. பெரியவளுக்கு 8 வயது, சின்னவனுக்கு 3. பள்ளி ஒரு பக்கம், சின்னவனைப் பார்த்துக்கொள்ளும் இடம் இன்னொரு பக்கம்.

இன்னொரு கார் வாங்கிவிடலாம் என்கிறார் மனைவி. எனக்கு மனசில்லை. செலவு மட்டும் காரணமில்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை, உடம்பு கனத்துக்கொண்டே போகிறது, ஜிம்முக்குப் பணம் கட்டினாலும் சாயங்காலம் குழந்தைகளை விட்டுவிட்டுக் கிளம்ப முடிவதில்லை. அலுவலகம் 9 கிலோமீட்டர்தான், போய்வருவதே பயிற்சியாகிவிட்டால் நல்லதுதானே என்று பழைய கியர் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு ஓட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

பிரச்சினை என்னவென்றால், பாதி தூரம் போனதும் முட்டியின் முன்பக்கம், சில்லுக்கு அடியில், வலிக்கத் தொடங்குகிறது. நடந்தால் தெரியவில்லை, மாடிப்படி ஏறினால் தெரிகிறது. மின்சார சைக்கிள் வாங்கினால் முட்டிக்கு நல்லதா, இல்லை அப்புறம் பயிற்சியே இல்லாமல் போய்விடுமா? கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட்வாட்ச் ஒருவழிக்கே 400 கலோரி என்று காட்டுகிறது, அதை நம்பலாமா? சின்னவனைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகலாமா? எல்லாவற்றையும்விட, இரண்டாவது கார் இல்லாமல் இப்படி ஒரு குடும்பம் ஓடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருகுமறை

நான் முட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், காரைப் பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முன்பக்கம் வலிக்கிறது என்றாலே முதலில் பார்க்க வேண்டியது சீட் உயரம். அநேகமாகத் தாழ்வாக இருக்கும். சிக்னலில் நிற்கும்போது இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும் என்று நினைத்துப் பலர் சீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். அப்படி வைத்தால் பெடல் மேலே வரும்போது முட்டி அளவுக்கு மீறி மடங்கும், மடங்கிய நிலையிலேயே அதன் மேல் அழுத்தம் விழும், அந்த அழுத்தம் நேராகச் சில்லுக்கு அடியில்தான் போய் உட்காரும்.

இப்படிச் செய்து பாருங்கள். சைக்கிளைச் சுவரோரமாக நிறுத்தி ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, வழக்கமாக ஓட்டும் ஷூவோடு சீட்டில் ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்கு இறக்கிக் குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், அதற்காக இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதுதான் உங்களுக்கான உயரம். அப்புறம் வழக்கம்போல் முன்பாதத்தை வைத்து மிதித்தால் கீழே வரும்போது முட்டி லேசாக மடங்கியே இருக்கும். 25 முதல் 35 டிகிரி மடங்கினால் சரி என்பது பொதுவான கணக்கு. இப்போது ரொம்பத் தாழ்வாக இருந்தால் ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள், அரை சென்டிமீட்டர் ஏற்றி இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். பழைய உயரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்துக்கொண்டால் எங்கே தொடங்கினோம் என்று தெரியும். சீட்டைத் தாங்கும் குழாயில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அது வெளியே தெரிகிற அளவுக்கு உயர்த்தவே கூடாது. முன்பக்க வலி போய் முட்டிக்குப் பின்னால் வலிக்க ஆரம்பித்தால் அளவுக்கு மேல் ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது, கியர். கனமான கியரில் மெதுவாக அழுத்தி ஓட்டுவதுதான் உழைப்பு என்று நினைக்காதீர்கள், முட்டிக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். நிமிடத்துக்கு 80 சுற்று வந்தால் நன்றாக இருக்கும். வலது முட்டி மேலே வருவதை 10 விநாடி எண்ணுங்கள், 13 வந்தால் போதும். சிக்னலுக்கு நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு மாற்றிவிடுங்கள், நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்த முதல் மிதிதான் முட்டியைப் பதம் பார்ப்பது.

டயர் காற்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள். பஞ்சரே ஆகாவிட்டாலும் டியூபிலிருந்து காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எவ்வளவு அடிக்கலாம் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். காற்றுக் குறைந்த டயரோடு 9 கிலோமீட்டர் மிதிப்பது வீண் உழைப்பு.

இவ்வளவும் செய்தும் வலி நிற்கவில்லை, வீக்கம் இருக்கிறது, முட்டி பிடித்துக்கொள்கிறது என்றால் சைக்கிளை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வாண்டுகளின் அம்மா

திருகுமறை சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்தக் கேள்வியில் 9 கிலோமீட்டர் ஒரு விஷயமே இல்லை என்பது என் கருத்து. சீட் உயரம் சரியாக இருந்தால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். காலை 11 மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்து, குழந்தைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள் என்றால் யார் போவது? அதை முதலில் பேசி முடியுங்கள்.

எங்கள் வீட்டில் என் கணவர் சைக்கிளுக்கு மாறியபோது எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். உடம்பு இளைத்தது, முகம் தெளிந்தது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கார் என் கைக்கு வந்தது, காரோடு சேர்ந்து பள்ளி, மருத்துவர், கடை, நீச்சல் வகுப்பு எல்லாமே என் கைக்கு வந்துவிட்டன. அவருக்குப் போய்வரும் நேரம் உடற்பயிற்சி, எனக்கு அதே நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும் நேரம். உங்கள் மனைவி இரண்டாவது கார் கேட்பதற்குப் பின்னால் இந்தப் பயம் இருக்கலாம். அவரிடம் கேளுங்கள் நண்பரே, எங்களிடம் கேட்பதைவிட அது முக்கியம்.

நாங்கள் பேசித் தீர்த்துக்கொண்டது இதுதான்: கார் யாருக்கும் சொந்தமில்லை, அந்த வாரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்குக் கார். ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான். சைக்கிள் வாரம் எனக்கும் உண்டு. நான் மின்சார சைக்கிள் வாங்கிக்கொண்டேன், என் பாதையில் மேடு அதிகம். மிதித்தால்தான் மோட்டார் உதவும் வகை அது, மிதிக்காமல் உட்கார்ந்தால் நகராது. ஐரோப்பிய நாடுகளில் 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பயிற்சி இல்லாமல் போய்விடுமா என்று கேட்டீர்கள். குறையும், இல்லாமல் போகாது, அதோடு களைத்துப்போன நாளிலும் காரை எடுக்காமல் இதை எடுக்கத் தோன்றும். முட்டிக்கும் கிளம்பும்போதும் மேட்டிலும் பாரம் குறைகிறது. ஆனால் வண்டியே 20 கிலோவுக்கு மேல் இருக்கும், மாடியில் வீடு என்றால் தூக்குவதற்கு முன் யோசியுங்கள். பேட்டரி தீர்ந்த பிறகு அதை மிதித்து வீடு சேர்வது பெரும் பாடு.

சின்னவனைக் கூட்டிப்போகலாம். பின்னால் பொருத்தும் குழந்தை இருக்கைகள் பெரும்பாலும் 22 கிலோ வரைதான் தாங்கும், அதன் கீழே இருக்கும் கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று கேரியரிலேயே பொறித்திருக்கும், இரண்டையும் பாருங்கள். பாதத்தைக் கட்டும் பட்டையை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள், கால் ஆரங்களுக்குள் போனால் நினைத்துப் பார்க்கவே முடியாது. இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: உங்கள் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தால் அதை மூடிவிடுங்கள், இல்லை ஸ்பிரிங் இல்லாத சீட்டாக மாற்றுங்கள். பின்னால் இருக்கும் குழந்தையின் விரல் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும், நீங்கள் உட்கார்ந்து எழும்போது நசுங்கும். ஸ்டாண்டு போட்டுவிட்டுக் குழந்தையை அதிலேயே விட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள், சாய்ந்துவிடும். ஹெல்மெட் கட்டாயம், அவனுக்கும் உங்களுக்கும்.

நான்குசக்கரம்

நான் கார் பக்கம்தான், ஆனாலும் இவருக்கு இன்னொரு பெட்ரோல் காரைப் பரிந்துரைக்க மாட்டேன். டீசல் என்றால் கட்டாயம் மாட்டேன்.

இரண்டாவது காருக்குக் கிடைக்கப்போகும் ஓட்டம் எல்லாம் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டம், அப்புறம் நிறுத்தி வைப்பது. குளிர்ந்த இன்ஜின் அதிக எரிபொருள் குடிக்கும். இன்ஜின் ஆயில் சூடாக, டேஷ்போர்டில் வெப்பமுள் நடுவுக்கு வந்த பிறகும் நேரம் பிடிக்கும். அது சூடாகும் முன்பே வண்டியை அணைத்து அணைத்து வைத்தால் ஆயிலில் ஈரமும் எரியாத பெட்ரோலும் கலந்து தங்கிவிடும். பல நிறுவனங்களின் கையேடுகளில் குறுகிய தூர ஓட்டத்தைக் கடினமான பயன்பாடு என்றே போட்டு, ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்லியிருப்பார்கள். பேட்டரியும் ஸ்டார்ட் செய்ய இழந்ததைத் திரும்பப் பெறாது. புது டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது, அந்தக் கரியை எரித்து வெளியேற்ற நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும். பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும்.

இந்த மாதிரி ஓட்டத்துக்கு மின்சாரக் கார்தான் பொருத்தம், சிறியது, பழையது கிடைத்தாலும் போதும், வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால். ஆனால் வாங்கும் முன் ஒரு மாதம் இருக்கும் காரை வைத்தே ஓட்டிப் பாருங்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கார் தேவைப்பட்ட ஒவ்வொரு தடவையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்த நாட்களுக்கு டாக்சி பிடித்தால் என்ன ஆகும், ஒரு காரின் காப்பீடு, வரி, பராமரிப்பு, மதிப்புக் குறைவு எல்லாம் சேர்த்தால் என்ன ஆகும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் முட்டிக்கொண்டால் கார் வாங்குங்கள், அதில் தப்பே இல்லை.

நாடித்துடிப்பு

வாட்ச் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான். இதயத்துடிப்பை நம்பலாம், கலோரியை நம்பாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2017இல் மணிக்கட்டில் கட்டும் 7 கருவிகளைச் சோதித்தார்கள். அதில் 6 கருவிகள் இதயத்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன, ஆனால் அடிப்படைச் சிக்கல் அதேதான்: துடிப்பும் எடையும் வயதும் வைத்து வாட்ச் கலோரியை ஊகிக்கிறது, அளக்கவில்லை. அந்த 400ஐ நம்பிக் கூடுதலாக ஒரு தட்டு சாப்பிட்டுவிடாதீர்கள்.

துடிப்பிலும் ஒரு விஷயம். பச்சை விளக்கைத் தோலில் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது அது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கினால், குண்டும் குழியுமான சாலையில் அதிர்ந்தால், கணக்குத் தடுமாறும். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கமாகக் கட்டுங்கள். துல்லியம் வேண்டுமென்றால் மார்பில் கட்டும் பட்டை. அதெல்லாம்கூட வேண்டாம், பேச முடிகிறது ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான பயிற்சி, அது போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. நீங்கள் வாரம் மூன்று நாள் சைக்கிளில் போய்வந்தாலே 150ஐத் தாண்டிவிடுவீர்கள். எனவே ஐந்து நாளும் நான்தான் சைக்கிளில் போவேன் என்று பிடிவாதம் வேண்டாம், வாண்டுகளின் அம்மா சொன்ன முறைக்கு உடம்புப் பக்கத்திலிருந்து எந்தத் தடையும் இல்லை.

வேலையோடு சேர்ந்த அசைவுக்கு மதிப்பு உண்டு என்பது பழைய சேதி. லண்டன் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று ஜெரி மோரிஸ் குழுவினர் 1953இலேயே எழுதினார்கள்.

நீலச்சட்டை

எல்லோருக்கும் நன்றி. சீட்டை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றியாகிவிட்டது, கியரையும் லேசாக்கிவிட்டேன், வலி வெகுவாகக் குறைந்திருக்கிறது. மாடிப்படியில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

மனைவியிடம் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். வாண்டுகளின் அம்மா எழுதியதை வாங்கி இரண்டாவது தடவை தானே படித்தார், அதைத்தான் சொல்ல வந்தேன் என்றார். வாரத்துக்கு ஒருவர் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம், ஒரு மாதம் நாட்காட்டியில் குறிப்போம், அப்புறம்தான் கார் பேச்சு. அவருக்கும் சைக்கிள் வேண்டுமாம். என்னுடையதையே இரண்டு பேரும் ஓட்டலாமா? அவர் என்னைவிட ஒரு சாண் உயரம் குறைவு.

திருகுமறை

வேண்டாம். சீட்டை இறக்கலாம், ஆனால் ஃபிரேம் நீளத்தைக் குறைக்க முடியாது, ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்துக் கழுத்தும் தோளும் வலிக்கும். அவர் உயரத்துக்குத் தனி சைக்கிள் பாருங்கள்.

வாண்டுகளின் அம்மா

வாங்கும்போது குழந்தை இருக்கையைப் பொருத்தும் அடித்தாங்கியைத் தனியாக இன்னொன்று வாங்கி இரண்டு சைக்கிளிலும் மாட்டிவிடுங்கள், இருக்கையை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். எந்த மாடலுக்குத் தாங்கி தனியாகக் கிடைக்கிறது என்று பார்த்து அந்த இருக்கையையே வாங்குங்கள்.