கார்ல்ஸ்பெர்க் பழைய ஆலை: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு

கோபன்ஹேகனில் வால்பி மேட்டில் இருக்கும் பழைய கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலைக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் யானை வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 2008 வாக்கில் பெரிய உற்பத்தி ஃப்ரெடெரிசியா ஊருக்குப் போய்விட்டது. இப்போது வளாகத்தில் குடியிருப்பு, ஹோட்டல், கடைகள். எந்தக் கட்டடத்தில் முன்பு என்ன நடந்தது, எதைக் கவனிக்கலாம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பதில் 1

குடும்பத்தைத் தெரிந்துகொண்டால்தான் கட்டடம் புரியும். அப்பா ஜே. சி. யாகப்சென் 1847ல் ஆலையைத் தொடங்கி மகன் கார்லின் பெயரை வைத்தார். அதற்கு 2 வருடம் முன்பே மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலையிலிருந்து லாகர் (குளிரில் முதிரும் பீர்) யீஸ்ட்டைத், அதாவது அதை நொதிக்க வைக்கும் நுண்ணுயிரைத், தகரக் குப்பிகளில், குதிரை வண்டியில் கொண்டுவந்திருந்தார். வண்டி நின்ற இடமெல்லாம் குப்பிமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார். சூடேறினால் யீஸ்ட் செத்துவிடும்.

பிற்பாடு இருவருக்கும் முட்டிக்கொண்டது, பீர் எத்தனை நாள் முதிர வேண்டும் என்பதில். மாதக்கணக்கில் நிலவறையில் கிடக்கட்டும் என்பது அப்பா கட்சி. சீக்கிரம் எடுத்து நிறைய விற்கலாம் என்பது மகன் கட்சி. ஒரே மேட்டில் பழையது, புதியது என்று இரண்டு ஆலை வந்தது இப்படித்தான். 1906ல்தான் இரண்டும் ஒன்றாயின. ஆடம்பரமாக எது கண்ணில் பட்டாலும் பெரும்பாலும் மகன் கட்டியதாகத்தான் இருக்கும்.

பதில் 2

ஆய்வகத்தை விட்டுவிட்டீர்களே. அதுவும் அப்பா 1875ல் தொடங்கியதுதான். 1883ல் பீர் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. காட்டு யீஸ்ட் கலந்ததுதான் காரணம் என்று ஆய்வக விஞ்ஞானி எமில் ஹான்சென் கண்டுபிடித்தார். ஒரே செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்தே முழு யீஸ்ட்டையும் வளர்த்தார். அந்த யீஸ்ட்டை மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். 1909ல் அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஹெச் அளவுகோல் பிறந்ததும் இதே ஆய்வகத்தில். அப்பா யாகப்சென் குடியிருந்த வீட்டில் பிறகு இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1932 முதல் 1962ல் இறக்கும் வரை இருந்தார்.

பதில் 3

கட்டட வேலைப் பக்கம் பார்த்தால், லாகர் கிட்டத்தட்ட 0 டிகிரியில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். குளிர்சாதன இயந்திரம் வருவதற்கு முன் அதற்கு ஐஸ் கட்டியும் ஆழமான நிலவறையும்தான் வழி. தடித்த சுவர், வளைந்த கூரை, வெளிச்சம் கிடையாது. பீருக்கு அருமை, மனிதருக்கு அவஸ்தை.

மறுபயன்பாட்டில் முதலில் தலைவலி தருவது ஓதம். நிலவறைச் சுவருக்கு சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உப்பு செங்கலுக்குள் படிகமாகி, முகப்பு பொரிந்து உதிரும். சுண்ணாம்புப் பூச்சுதான் சரி. அது ஈரத்தை வெளியே விடும். உப்பு பூத்தாலும் பூச்சுதான் போகும், செங்கல் தப்பிக்கும்.

மால்ட் (பீருக்காக முளைகட்டிய பார்லி) களம் வேறு மாதிரி. ஊறவைத்த பார்லியை 10 முதல் 20 செ.மீ. தடிமனுக்குப் பரப்பி முளைக்கவிடுவார்கள். அதற்கு உயரம் தேவையில்லை, பரப்பளவுதான் தேவை. அதனால் கூரை தாழ்வாகவும் தூண்கள் நெருக்கமாகவும் இருக்கும். ஏசி குழாயும் பொய்க்கூரையும் போட்டால் தலை இடிக்கும். குழாயை மறைக்காமல் ஓரமாக விடுவதே மேல்.

பதில் 4

ஹோட்டல் ஒட்டீலியாவைப் பாருங்கள். கார்லின் மனைவி பெயர்தான் அது. அதில் ஒரு பகுதி, 1969ல் கட்டிய பீர் சேமிப்புக் கட்டடம். வெளிச்சுவரில் வரிசையாகப் பொன்னிற வட்டத் தட்டுகள். புது ஜன்னல்களும் அவற்றுக்கு ஒத்துப்போகும்படி வட்டமாகவே.

பழைய செங்கல் சுவரில் ஜன்னல் திறப்பதானால் வரிசை மாறக்கூடாது. முதலில் சுவருக்குக் குறுக்கே இரும்பு உத்தரம் செருகி, இருபுறமும் முட்டுக் கொடுத்து, மேல்பாரத்தை அதில் இறக்க வேண்டும். பிறகு லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேல் பாரம் தாங்கும் கட்டை. அது இறுகிய பிறகுதான் கீழே உடைப்பது. அவசரப்பட்டு முதலிலேயே உடைத்தால் மேலிருக்கும் செங்கல் முக்கோணமாகச் சரிந்து இறங்கும்.

யானை வாசல் பற்றி ஒன்று: 1901ல் கட்டடக் கலைஞர் டாலரூப் வடிவமைத்தது. போர்ன்ஹோல்ம் தீவின் கிரானைட்டில் 4 யானைகள். அவற்றின் உடலில் இருக்கும் ஸ்வஸ்திகாவைப் பார்த்துப் பயணிகள் திகைப்பதுண்டு. அது நாஜிகளுக்கு முந்தியது.