எல்லோரும் அழுகிறார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை: உங்களுக்கும் இப்படி உண்டா?

நரிமேடு சகோதரி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான் பிறந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரருடன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன். இரண்டு இடத்தைப் பற்றியும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆராதனையில் பாட்டு ஏற ஏறப் பக்கத்தில் இருக்கிறவர்கள் கையை உயர்த்தி அழுகிறார்கள். நானும் கையை உயர்த்துகிறேன். உள்ளே ஒன்றும் நடப்பதில்லை. சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. விசுவாசத்தை உறுதி செய்கிற திடப்படுத்தல் எடுத்த வயதில், ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கதை முழுவதையும் ஆண்டவரிடம் சொல்வேன். அவர் கேட்கிறாரா என்ற சந்தேகமே வந்ததில்லை. அது எப்போது நின்றது என்று தெரியவில்லை. கடவுள் இல்லை என்று நான் நினைக்கவில்லை. இருக்கிறார், ஆனால் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் மைக் என் வரிசைக்கு வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன். உபவாசம் இருந்து பார்த்தேன், பசிதான் வந்தது.

புத்திமதி வேண்டாம். இப்படி இருந்தவர்கள், அல்லது இப்படிப்பட்ட ஒருவரைச் சந்தித்தவர்கள், என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

சிம்மக்கல் பிளெக்ஸ்காரன்:

அக்கா, நான் பிளெக்ஸ் டிசைன் செய்கிறவன். எழுப்புதல் கூட்டம், உபவாசக் கூட்டம், முழு இரவு ஜெபம், கிறிஸ்துமஸ் கீத பவனி, எல்லாவற்றுக்கும் என் கம்ப்யூட்டரில் தனித்தனி மாடல் இருக்கிறது. இடது பக்கம் கோட்டு சூட்டில் ஊழியக்காரர், வலது பக்கம் அவர் மனைவி, நடுவில் புறாவும் ஒளிக்கதிரும். கீழே 'நீ தேடும் சமாதானம் இங்கே' என்று பெரிய எழுத்து. சதுர அடிக் கணக்கில் அடித்துக் கொடுப்பேன். நான் எழுதிய வரியைப் படித்துவிட்டு யார் யாரோ கூட்டத்துக்குப் போயிருப்பார்கள். நான் போவதை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிறு போகவில்லை, யாரும் எதையும் இழந்த மாதிரித் தெரியவில்லை, நான் உட்பட.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் எங்களுக்கு வேலை குவியும். அப்படி ஒரு சாயங்காலம் ரிட்டையர் ஆன ஆயர், அதாவது சபைப் போதகர், ஒருவர் வந்தார். எண்பதை நெருங்கும் வயது, கையில் மஞ்சப்பை. அவருடைய மனைவியின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு ஒரு பேனர் வேண்டும். நான் வழக்கம்போல 'நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன்' வசனத்தைப் போட்டு புரூஃப் காட்டினேன். நினைவஞ்சலி என்றாலே பெரும்பாலும் அந்த வசனம்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, அவ போராடவும் இல்ல, ஓடவும் இல்ல. ராத்திரி மோர் குடிச்சிட்டுப் படுத்தா, காலையில எந்திரிக்கல. பேரும் தேதியும் மட்டும் போடுங்க, போதும்."

ஆயர் வீட்டுப் பேனரில் வசனம் இல்லாமலா, சொந்தக்காரர்கள் கேட்க மாட்டார்களா என்றேன். "கேப்பாங்க. 88ஆம் சங்கீதத்துல இருந்து போடலாம்னு நெனச்சேன். வர்றவங்க பயந்துருவாங்க" என்றார்.

நடுவில் கரண்ட் போய்விட்டது. டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அவரே அந்தச் சங்கீதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பைபிளில் உள்ள பாட்டுகளான சங்கீதங்களில் புலம்பல் நிறைய இருக்கிறது. ஆனால் அநேகமாக எல்லாப் புலம்பலிலும் முடிவதற்குள் எங்கேயாவது ஒரு திருப்பம் வந்துவிடும், 'ஆனாலும் உம்மை நம்புகிறேன்' என்கிற மாதிரி. 88இல் அது வரவே வராது. இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய், தெரிந்தவர்கள்கூட விலகிப் போனார்கள் என்று இருட்டிலேயே நின்றுவிடும். "தலைப்பப் பாருங்க தம்பி, கோராகின் புத்திரர் பாட்டுன்னு இருக்கும். அவங்க ஆலயத்துல பாடுற கூட்டம். தனியா அழுது எழுதி ஒளிச்சு வெச்ச கடுதாசி இல்ல இது. சபையில ராகம் போட்டுப் பாடியிருக்காங்க."

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பார்கள். இவருக்குப் பல வருஷம் நாலாவது வார்த்தைதான் வந்ததாம், 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்'. "அது 22ஆம் சங்கீதத்தோட முதல் வரி, அந்தச் சங்கீதம் துதியில முடியுது, அதனால ஆண்டவர் நம்பிக்கையோடதான் சொன்னாருன்னு சொல்லிச் சட்டுன்னு எறங்கிருவேன். அஞ்சாவது வார்த்தைக்காரர் ஏறிருவாரு. இவ போன பிறகு வந்த பெரிய வெள்ளிக்கு அந்த வரிய மட்டும் வாசிச்சேன். வெளக்கம் சொல்லல. கொஞ்ச நேரம் நின்னுட்டு எறங்கிட்டேன். ஒரு மாதிரி பாத்தாங்க."

இப்போது ஜெபம் பண்ணுகிறீர்களா ஐயா என்று கேட்டேன். ஒரு ஆயரிடம் கேட்கிற கேள்வி இல்லைதான், வாய் வந்துவிட்டது. "காலையில அஞ்சு மணிக்கு உக்காருவேன். முன்னாடி அவளும் உக்காருவா. இப்பப் பேச எனக்கு ஒண்ணும் இல்ல, அந்தப் பக்கமும் சத்தம் இல்ல." அப்புறம் எதற்கு உட்காருகிறீர்கள் என்றேன். "அவர் வரலன்னு நான் சொல்லலாம். நான் வரலன்னு அவர் சொல்லிறக் கூடாதுல்ல?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கரண்ட் வந்தது, பேனர் அடித்து வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே எனக்குள் ஏதோ பெருக்கெடுத்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் இல்லை. காலையில் கடையைத் திறந்து சிஸ்டம் ஆன் ஆகும்வரை சும்மா உட்காருகிறேன். சில நாள் ஒரு சங்கீதம், சில நாள் அதுவும் இல்லை. 'நீ தேடும் சமாதானம் இங்கே' என்பதை நானாக யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. அவர்களே எழுதிக் கொண்டுவந்தால் அடிப்பேன், பிழைப்பு இருக்கிறதே.

மாட்டுத்தாவணி சகோதரன்:

பிரதர் சொன்னது துக்கத்தில் இருந்த ஒரு ஊழியரின் விஷயம். அது வேறு. வெறுமைக்குப் பல நேரம் பாவம்தான் காரணம். ஏசாயா 59:2 வாசித்துப் பாருங்கள், நம் அக்கிரமங்கள்தான் நமக்கும் தேவனுக்கும் நடுவே பிரிவினை உண்டாக்குகிறது என்று இருக்கிறது.

நான் காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்கினவன். கூலி வீட்டு வாசலைப் பார்த்ததில்லை, எல்லாம் கடையிலேயே போய்விடும். எந்தக் கடை என்று சொல்லத் தேவையில்லை. தங்கச்சி ஒருநாள் திருமங்கலத்தில் ஒரு முழு இரவு ஜெபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பின்வரிசையில் தூங்கிவிட்டேன். விடியற்காலையில் முழித்தால், யார் என்றே தெரியாத ஒரு அம்மா என் தலையில் கை வைத்து அழுது ஜெபித்துக்கொண்டிருக்கிறார். என் மேல் வாடை அடித்திருக்கும், அவர் முகம் சுளிக்கவில்லை. அன்றைக்கு விட்டதுதான், இன்றுவரை தொடவில்லை. எனக்கு உள்ளே நிரம்பியது. இல்லை என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அதனால்தான் சகோதரி தன்னைச் சோதித்துப் பார்க்கட்டும் என்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

ஞானஒளிவுபுரம் டீச்சர்:

சகோதரனுக்கு நடந்ததை நான் சந்தேகப்படவே மாட்டேன். அந்த அம்மாவை நினைத்தால் எனக்கே கண் கலங்குகிறது. ஆனால் பாவம் இருக்கும், தேடிப் பார் என்றுதான் பைபிளில் துன்பப்பட்ட யோபுவிடம் அவர் நண்பர்களும் சொன்னார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்களைத்தான்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். இந்த வெறுமையை வறட்சி என்போம். எனக்கு அது வந்தது கஷ்ட காலத்தில் அல்ல. வீட்டுக் கடன் முடிந்து, பெரியவளுக்கு வேலை கிடைத்து, எல்லாம் சீராக இருந்த நேரம். செபமாலை சொல்ல உட்கார்ந்தால் விரலில் மணி உருளும், மனது எங்கேயும் இருக்காது. சரி, இடைக்காட்டூர் போய் வருவோம் என்று கிளம்பினேன். மானாமதுரை போகும் ரோட்டில் போய்த் திரும்ப வேண்டும். வயல்வெளிக்கு நடுவில், பிரான்சில் உள்ள ரேம்ஸ் பேராலயத்தின் சாயலில் 1894இல் எழுப்பிய திரு இருதய ஆலயம். சின்ன வயதில் அதன் வாசலில் கால் வைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும். இந்த முறை அண்ணாந்து சம்மனசுகளை (தேவதூதர் உருவங்களை)ப் பார்த்தேன், அழகாக இருந்தது, கழுத்து வலித்தது, பஸ் ஏறிவிட்டேன்.

பிறகு வயதான இயேசு சபைச் சாமியார் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். பெரிய ஆன்மிக விளக்கத்தை எதிர்பார்த்துப் போனால், "சாப்பாடு ருசிக்குதாம்மா? தூக்கம் வருதா?" என்று கேட்டார். இரண்டும் சரியில்லை என்றேன். "மொதல்ல டாக்டரப் பாரு, அப்புறம் என்னப் பாரு." ரத்தம் கொடுத்துப் பார்த்தால் தைராய்டு. மாத்திரை போட ஆரம்பித்ததும் அசதி போனது, முடி கொட்டுவதுகூடக் குறைந்தது. வெறுமை மட்டும் அசையாமல் அப்படியே இருந்தது! இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஆட்கள் உடம்புக் கோளாறையும் மனச்சோர்வையும் பிசாசின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது முறை போனபோதுதான் சிலுவையின் புனித யோவானைப் பற்றிச் சொன்னார். ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் சபைத் துறவி. 1577 டிசம்பரில் சொந்தச் சபைக்காரர்களே பிடித்துக்கொண்டு போய் டொலேடோ நகரில் ஒரு சின்ன இருட்டறையில் அடைத்தார்கள். அடுத்த ஆகஸ்டில்தான் தப்பி வந்தார். அந்த அறைக்குள்ளேயே கவிதை எழுதிய மனிதர். இந்த வறட்சியைக் கண்டுகொள்ள அவர் மூன்று குறி சொல்லியிருக்கிறாராம். கடவுள் காரியம் ருசிக்காது, ஆனால் மற்ற எதுவும் ருசிக்காது. கடவுளை விட்டு விலகிப் போகிறோமோ என்ற கவலை அரித்துக்கொண்டே இருக்கும். முன்பு மாதிரி சிந்தித்து, மனதில் காட்சியாக ஓட்டித் தியானிக்க வராது. மூன்றும் சேர்ந்திருந்தால் அது அசட்டையால் வந்தது இல்லை. அசட்டையாக இருக்கிறவர்களுக்குக் கவலையே வராதே. நரிமேடு தங்கச்சி, அந்த இரண்டாவது குறி உங்கள் எழுத்து முழுவதும் இருக்கிறது.

அன்னை தெரசாவையும் சொன்னார். 1946இல் டார்ஜிலிங் ரயிலில் அழைப்பை உணர்ந்தவர். கொல்கத்தாச் சேரிக்குள் இறங்கி வேலையைத் தொடங்கியதும் அந்த உணர்வு நின்றுபோனது. 1958இல் சில வாரங்கள் திரும்பி வந்ததாம், பிறகு சாகும்வரை இருட்டுதான். தன் ஆன்ம குருக்களுக்கு எழுதிய கடிதங்களை அழித்துவிடச் சொல்லியிருந்தார், அவர்கள் அழிக்கவில்லை. இறந்து 10 ஆண்டு கழித்து, 2007இல் அவை புத்தகமாக வந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

எனக்கு இதில் ஒரு எரிச்சலும் உண்டு. புனிதர்களுக்கும் வந்தது என்று சொன்னால் நமக்குக் கௌரவமாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கு முன்னாலேயே பெரிய பெரிய அனுபவம் எல்லாம் கிடைத்ததே! எனக்குக் கிடைத்தது இடைக்காட்டூர் சிலிர்ப்பு மட்டும்தானே? கேட்டேவிட்டேன். "சிலிர்ப்பு சின்னதுன்னா வறட்சியும் சின்னதாத்தாம்மா இருக்கும்" என்றார். நம்புவதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடலாமா என்றதற்கு மட்டும் கறாராகப் பதில் சொன்னார். வறட்சியில் இருக்கும்போது பழைய தீர்மானத்தை மாற்றக்கூடாது, இது இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் வகுத்த விதி என்று. அதனால் ஞாயிறு பூசைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டுதான்.

மேலூர்க்காரன்:

நான் கிறிஸ்தவன் இல்லை. மனைவி கிறிஸ்தவள், கிறிஸ்துமஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் கூடப் போவேன். (யாரும் இதை வைத்து மதமாற்றச் சண்டை ஆரம்பிக்க வேண்டாம்.)

எங்கள் பக்கத்து ஊர் திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த மண். திருவாசகத்தில் நீத்தல் விண்ணப்பம் என்று ஒரு பகுதி. 50 பாட்டு. பாட்டுக்குப் பாட்டு 'விடுதி கண்டாய்', என்னை விட்டுவிடுவாயோ என்று ஒரே கெஞ்சல். மாமனார் மிஷன் பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்தவர். பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து வந்து, கஞ்சி குடித்துவிட்டு, என்னை அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஏன் என்று கேட்டால், திருவாசகத்தை 1900இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜி.யு.போப்பும் பாதிரியார்தானே, எனக்கு என்ன தடை என்பார்.

உங்கள் ஆட்களிடம் எனக்குப் புரியாதது ஒன்று. எங்கள் வீட்டுக் கிழவிகள் சாமி முன்னால் நின்றுகொண்டே 'உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா' என்று திட்டுவார்கள், திட்டிவிட்டு விளக்கும் போடுவார்கள். நீங்கள் ஏன் எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம் மட்டுமே சொல்கிறீர்கள்? திட்டுவதற்கு உங்கள் வேதத்தில் இவ்வளவு இடம் இருக்கிறதே.

நரிமேடு சகோதரி:

மேலூர் அண்ணா, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நேற்று பிள்ளை தூங்கிய பிறகு 88ஐச் சத்தமாக வாசித்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இது பைபிள்லயா இருக்கு?" என்றார். அழுகை எல்லாம் வரவில்லை. ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு வாசித்ததில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாகத் தோன்றவில்லை.

பாஸ்டரம்மாவிடம், இதையே சாட்சியாகச் சொல்லட்டுமா என்று கேட்டேன். நல்ல மனுஷி, கோபப்படவில்லை. "ஜெயம் கிடைச்ச பிறகு சொல்லுங்க சிஸ்டர், கேக்கிறவங்க சோர்ந்து போயிருவாங்க" என்றார்கள். மாட்டுத்தாவணி அண்ணா, சோதித்துப் பார்க்கிறேன், எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் அக்கா, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சனிக்கிழமை போகிறேன். அந்தச் சாமியார் கத்தோலிக்கர் அல்லாதவர்களையும் பார்ப்பாரா? சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் எல்லாம் எனக்குப் பழக்கம் இல்லை, சும்மா பேசினால் போதும்.

ஞானஒளிவுபுரம் டீச்சர்:

தாராளமாகப் பார்ப்பார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன்னால் தூங்குவார். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேச வேண்டும். வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கும், அதற்குத் தயாராகப் போங்கள்.