மகளை கிளாசிக்கல் கிறிஸ்டியன் ஸ்கூல்ல சேர்க்கலாமா? மூணாம் வகுப்புலயே லத்தீனாம்

டாலஸ் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க சர்ச்ல மூணு குடும்பம் பிள்ளைகளை கிளாசிக்கல் கிறிஸ்டியன் ஸ்கூலுக்கு (லத்தீன், தர்க்கம், பழைய ஐரோப்பிய நூல்கள்னு பழங்காலப் பாடமுறையில கிறிஸ்தவப் போதனையோட நடத்துற பள்ளி) அனுப்புறாங்க. மகள் ஆகஸ்ட்ல மூணாம் வகுப்பு போகணும், அதனால நாங்களும் போய்ப் பார்த்தோம். உள்ள நுழைஞ்சதும் பதினாலு பிள்ளைகளும் எழுந்து நின்னு வணக்கம் சொன்னாங்க. அப்புறம் டீச்சர் மேசையைத் தட்டினதும் "அமோ, அமாஸ், அமாத்"னு (லத்தீன்ல நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான்) கோரஸா ஒப்பிச்சாங்க. வேதாகமத்துல இருந்து ஒரு சங்கீதத்தை முழுசா மனப்பாடமா சொன்னாங்க. யார் கையிலயும் டேப்லெட் இல்ல. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. பாளையங்கோட்டையில நான் படிச்ச மிஷன் ஸ்கூல் ஞாபகம்.

வீட்டுக்காரருக்கு மனசில்ல. "யாரும் பேசாத மொழிக்கு வருஷம் இவ்வளவு டாலரா? மனப்பாடம் பண்ணிப் பண்ணி நாம பட்டது போதாதா?"ங்கறார். லத்தீன்ல எங்களுக்கு ஒரு எழுத்து தெரியாது, வீட்டுப்பாடத்துக்கு எப்படி உதவுறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கரோலினா அக்கா:
தங்கச்சி, என் மகன் மூணாம் வகுப்புல சேர்ந்து இந்த மே மாசம் பன்னிரண்டு முடிச்சான். லத்தீனுக்குப் பயப்படாதீங்க. தமிழ் தெரிஞ்ச அம்மா கையில பாதி லத்தீன் இருக்கு.

முதல் வருஷம் ஒரு ராத்திரி அழுதுட்டு உட்கார்ந்திருந்தான். "போயேட்டா புயெல்லாய் ரோசம் தாத்"னு ஒரு வாக்கியம். அடுத்த வரியில அதே சொற்கள், "ரோசம் போயேட்டா புயெல்லாய் தாத்". ரெண்டுக்கும் ஒரே பொருளாம். இங்கிலீஷ்ல சொல்லை இடம் மாத்தினா பொருளே மாறிடுமே, இது எப்படின்னு அவனுக்குக் குழப்பம். நான் தமிழ்ல சொல்லிக் காட்டினேன். "கவிஞர் பெண்ணுக்கு ரோஜாவைக் கொடுக்கிறார்." "ரோஜாவைக் கவிஞர் பெண்ணுக்குக் கொடுக்கிறார்." பாட்டிகிட்ட போன்ல பேசும்போது நீ இப்படித்தானேடா மாத்தி மாத்திப் பேசுற? "ஐ" ஒட்டினா ரெண்டாம் வேற்றுமை, "கு" ஒட்டினா நாலாம் வேற்றுமை. லத்தீன்லயும் சொல்லோட வால்லதான் விஷயம் இருக்கு. அவன் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கல. பள்ளிக்கூடத்துல "ஐ ஆல் கு இன் அது கண்"னு நான் கத்தினது, இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு நார்த் கரோலினாவுல ஒரு சமையலறை மேசையில உதவுச்சு. ("புயெல்லாய்"னா "பெண்ணுக்கு"ன்னும் வரும், "பெண்ணின்"னும் வரும். அதுல மட்டும் நானும் திணறினேன்.)

மனப்பாடம் கடைசி வரைக்கும் இல்ல. ஏழு, எட்டாம் வகுப்புல தர்க்கம் தனிப்பாடமா வரும். அந்த ரெண்டு வருஷம் வீட்டுல பொறுமை வேணும். அவன் சித்தப்பா சொன்ன ஒரு விஷயத்தை "அவர் சொன்னா அப்படித்தான் இருக்கும்"னு நான் தள்ளிவிட்டேன். "அம்மா, நீங்க ஆளைத் தாக்குறீங்க, அவர் சொன்ன கருத்துக்கு இன்னும் பதில் சொல்லல"ன்னுட்டான். கோபம் வந்துச்சு, ஆனா அவன் சொன்னது சரி.

கடைசி வருஷம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஆய்வுரை எழுதி, ஆசிரியர் குழு முன்னாடி நின்னு வாதாடணும். அவன் தரங்கம்பாடியை எடுத்துக்கிட்டான். பத்து வருஷத்துல லூத்தர் ஜெர்மன்ல வேதாகமத்தை மொழிபெயர்த்ததை மூணு முறை படிச்சிருக்கான். 1706ல தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழ்ல பண்ணின புதிய ஏற்பாடு 1715க்குள்ள அச்சாகி முடிஞ்சதை ஒரு டீச்சரும் சொல்லல. எங்க அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டான். தேடிப் போனப்போ வீரமாமுனிவர் அகப்பட்டார். கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத் தமிழுக்கு, லத்தீன்லயே இலக்கணம் எழுதினவர். கத்தோலிக்க சாமியார் எழுதினதை 1738ல தரங்கம்பாடி லூத்தரன் அச்சகமே அச்சிட்டிருக்கு! ஸ்கேன் பண்ணின பக்கத்தை வச்சுக்கிட்டு அகராதியோட நாலு நாள் உட்கார்ந்தான். தமிழ் வேற்றுமைகளை லத்தீன் பெயர் சொல்லி விளக்கியிருந்த இடம் வந்ததும் என்னைக் கூப்பிட்டான்: "அம்மா, நீங்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததை இவர் திருப்பிப் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்."

ஹூஸ்டன் அப்பா:
அக்கா சொன்னது சந்தோஷம். எங்க அனுபவம் வேற. மகளை இப்படி ஒரு பள்ளியில சேர்த்து, அஞ்சாம் வகுப்போட அங்கிருந்து நிறுத்திட்டோம். எகிப்து, கிரேக்கம், ரோம், ஐரோப்பான்னுதான் சரித்திரம் சுத்துச்சு. அலெக்சாண்டர் வந்து திரும்பினப்போ ஒரு தடவை, வாஸ்கோ ட காமா கப்பல்ல வந்தப்போ ஒரு தடவை, அவ்வளவுதான் இந்தியா. "அப்பா, நாம யாரையுமே கண்டுபிடிக்கலையா?"ன்னு கேட்டா. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்ல.

சேர்க்குறதுக்கு முன்னாடி சரித்திரப் புத்தகங்களை வாங்கிப் பாருங்க. அமெரிக்காவோட அடிமை முறையையும் உள்நாட்டுப் போரையும் எப்படிச் சொல்லித்தர்றாங்கன்னு நேரா கேளுங்க. அந்தப் பதில்லயே பள்ளியோட குணம் தெரிஞ்சிடும். பெரிய வகுப்புகளுக்கு சயின்ஸ் லேப் இருக்கான்னும் பாருங்க. சின்னப் பள்ளிகள்ல அது பெரிய குறை.

லத்தீன் டீச்சர்:
நான் இப்படி ஒரு பள்ளியில் ஆறு வருடங்களாக லத்தீன் கற்பிக்கிறேன். 1947இல் ஆக்ஸ்போர்டில் ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஆற்றிய உரைதான் இந்தப் பள்ளிகளுக்கெல்லாம் விதை. 1981இல் ஐடஹோ மாநிலம் மாஸ்கோ ஊரில் லோகோஸ் பள்ளி தொடங்கியது. பெரும்பாலானவை அதன் பின்னால் வந்தன. இடைக்கால ஐரோப்பாவின் இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை மூன்றையும் சேயர்ஸ் பிள்ளையின் வயதோடு பொருத்தினார். முதல் பருவத்துக்கு அவர் வைத்த பெயர் நம் வீட்டுப் பெயர்தான்: கிளிப்பிள்ளை. அந்த வயதில் ஒப்பிப்பது பிள்ளைக்கு விளையாட்டு. பன்னிரண்டு வயதுக்குப் பிறகும் ஒப்பிக்கவே வைக்கும் பள்ளி என்றால் சேர்க்காதீர்கள். ஆகவே மூன்றாம் வகுப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எட்டாம் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பிள்ளைகள் ஆசிரியரிடம் மறுத்துப் பேசுகிறார்களா, ஆசிரியர் அதை விரும்புகிறாரா என்று கவனியுங்கள்.

பள்ளியின் விசுவாச அறிக்கையில் பெற்றோர் கையெழுத்துக் கேட்பார்கள். வரிவரியாகப் படியுங்கள். நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் ஞானஸ்நானம் பற்றிய பகுதியை முதலில் பாருங்கள். குழந்தை ஞானஸ்நானத்தில் பள்ளிக்குப் பள்ளி நிலைப்பாடு வேறு.

டாலஸ் அம்மா:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. எட்டாம் வகுப்பைப் பார்க்க வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிட்டேன். வீட்டுக்காரரும் வர்றேன்னுட்டார், சரித்திரப் புத்தகங்களை அவரே கேட்டு வாங்கிப் பார்ப்பாராம். அக்காவோட ரோஜா வாக்கியத்தை நேத்து மகள்கிட்ட சொன்னேன். "அப்போ, பூனைக்கு அப்பாவைக் கொடுக்கிறாள்னும் சொல்லலாமா?"ன்னு கேட்டுட்டு, இன்னிக்குக் காலையிலிருந்து வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் பூனைக்குக் கொடுத்துக்கிட்டிருக்கா.