கெமிஸ்ட்ரி பசங்களுக்கு அட்வைசிங் பண்றவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, யுனிவர்சிட்டில கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல யூஜி பசங்களுக்கு அகாடமிக் அட்வைசரா இருக்கேன், இதே வேலை பாக்கறவங்ககிட்ட ஐடியா வேணும்.

எங்க பாடமெல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கோத்துக்கிட்டு வரும்னு உங்களுக்கே தெரியும். கால்குலஸ் முடிக்காம பிசிகல் கெமிஸ்ட்ரி எடுக்க முடியாது, அந்த பிசிகல் கெமிஸ்ட்ரியும் எங்ககிட்ட வருஷத்துக்கு ஒரு தடவதான் நடக்குது, அதனால முதல் வருஷத்துல ஒருத்தன் கால்குலஸ ட்ராப் பண்ணா அதோட அடி மூணாவது வருஷத்துலதான் விழும், அப்போ வந்து "டிகிரி தள்ளிப்போகுமா"ன்னு கேட்டா நான் என்னத்த சொல்றது. டிகிரி ஆடிட்ல (டிகிரிக்கு வேண்டியதுல எதெல்லாம் முடிச்சாச்சுன்னு பாக்கற ரிப்போர்ட்) எது பாக்கின்னு காட்டும், எந்த வரிசையில எடுக்கணும்னு காட்டாது. பாதி பேர் அத தொறந்தே பாக்கறதில்ல (பாத்தாலும் கிரெடிட் கணக்க மட்டும் பாத்துட்டு போயிடறாங்க).

நல்லா படிக்கிறவங்க ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடியே கதவ தட்டிடறாங்க. வர வேண்டியவங்கதான் வர்றதில்ல. மெயிலுக்கும் பதில் கிடையாது. எப்படியாச்சும் உக்கார வெச்சுட்டா ஒரு பேப்பர்ல எல்லா செமஸ்டருக்கும் கட்டம் போட்டு கடைசிலேர்ந்து பின்னோக்கி நிரப்பச் சொல்வேன், அப்பதான் "ஐயோ இத இப்பவே எடுத்தாகணுமா"ன்னு முழிப்பாங்க.

கேள்வி இதுதான்: மிட்-டெர்ம் மார்க் வந்தப்புறம், ட்ராப் பண்ற கடைசி தேதிக்குள்ள இவங்கள எப்படி புடிக்கிறீங்க? ரிஜிஸ்ட்ரேஷன் ஹோல்ட் போடறது (அட்வைசர பாக்கற வரைக்கும் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு பண்ண விடாம நிறுத்தி வெக்கறது) வேலைக்கு ஆகுதா, இல்ல சும்மா கையெழுத்துக்கு வந்துட்டு ஓடிடறாங்களா? சீனியர் பசங்கள விட்டு பேச வெச்சவங்க இருந்தா அதையும் சொல்லுங்க, அடுத்த ரிஜிஸ்ட்ரேஷன் தொறக்கறதுக்குள்ள ஏதாச்சும் ஒண்ணு ஆரம்பிக்கணும்.